எட்டு போல்ட், மூன்று சுற்று
வீட்டு வாசலில் கிளட்ச் மாற்றுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சொந்த வண்டிக்குக் கிளட்ச் நாமே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கும் பழைய போர்வையுமாக வண்டிக்கடியில் நுழையப்போகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நுழையாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் உங்கள் கட்சிதான். கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் இதுவரை மூன்று முறை கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறேன். இரண்டு முறை கிளட்சுக்காக. ஒரு முறை, நான் செய்த தப்பை நானே திருத்துவதற்காக. அந்த ஒரு முறையைப் பற்றியதுதான் இந்த மடல்.

கிளட்ச் வேலையில் முக்கால்வாசி நேரம் கழற்றுவதிலேயே போய்விடும். பேட்டரி ஒயரை எடுத்து, டிரைவ் ஷாஃப்டை உருவி, ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கி, கைக்கு எட்டாத மூலையில் இருக்கும் ஒரு பெல் ஹவுசிங் போல்ட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, ஒருவழியாக கியர்பாக்ஸ் கீழே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். (ஜாக் வண்டியைத் தூக்க மட்டும்தான். தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு இல்லாதவர்கள் மடலை இங்கேயே மடித்து வைத்துவிட்டுப் போய் அதை வாங்கி வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.)

பிரஷர் பிளேட்டையும் டிஸ்கையும் எடுத்தபின் முகத்துக்கு நேரே தெரிவது பிளைவீல். அதன் நடுவில் வட்டமாக ஆறோ எட்டோ போல்ட். பிளைவீலைத் தொடாமலே கிளட்ச் மாற்றிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்திருந்தாலோ, பிளைவீல் முகத்தில் சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தாலோ அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டியும் ஆகவேண்டும். நான் பார்த்த காணொளிகளில் இந்த மாட்டுகிற கட்டம் இருபது நொடியில் முடிந்துவிடுகிறது. 'கம்பெனி சொன்ன டார்க்கில் டைட் பண்ணிக்குங்க' என்று ஒரு வரி, கொஞ்சம் பின்னணி இசை, அடுத்த காட்சியில் புது டிஸ்க் உள்ளே உட்கார்ந்திருக்கும். எனக்குச் சண்டை அந்த இருபது நொடியோடுதான்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு, ஒரு மே மாதம். பழைய டீசல் கார், எட்டு போல்ட் பிளைவீல். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்னபடி மூன்று சுற்றாக முறுக்குவதாகத் திட்டம்: முதல் சுற்றில் லேசாக, இரண்டாவதில் பாதி அளவு, மூன்றாவதில் முழு அளவு. இரண்டாம் சுற்று முடிந்தபோது ராத்திரி எட்டரை. கரண்ட் போனது. சரி, சாப்பிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். தோசை, ஒரு போன் பேச்சு, பையனின் கணக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம். ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. திரும்ப வந்து படுத்துப் பார்த்தால், எட்டு போல்ட்டின் தலைகளும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன. முடித்துவிட்டோம் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதைக் கேட்டு டிஸ்கை எடுத்து வைத்தேன்.

இரண்டு மாதம் வண்டி அருமையாக ஓடியது. நானே செய்தேன் என்று நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. அதற்கப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது. ஐடிலிங்கில் நிற்கும்போது அடியிலிருந்து 'டொக்... டொக்'. கிளட்சை மிதித்தால் அந்தச் சத்தம் மாறும். இன்ஜினை அணைக்கும்போது கடைசியாக ஒரு 'கடக்'. கேட்டவர்கள் எல்லாம் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: மெயின் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும். அந்தச் செலவைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள், எதற்கும் கியர்பாக்ஸை மட்டும் இறக்கிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ, அதற்குக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்திருக்க வேண்டும்.

பிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தேன். அசைந்தது. நூலிழை அளவுதான், ஆனால் அசைந்தது. போல்ட்டைக் கழற்ற நீளக் கைப்பிடியைத் தேடவேண்டிய அவசியமே வரவில்லை. சாதாரண ராட்செட்டில் மணிக்கட்டைத் திருப்பினாலே வந்தன. பிளைவீலை வெளியே எடுத்தபோது கிராங்க் முகத்தில் குங்குமப் பரணியைக் கவிழ்த்த மாதிரி செம்பழுப்புத் தூள். விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. இரண்டு இரும்பு முகங்கள் இறுக்கமாகச் சேராமல், கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தால், உதிர்கிற துகள் துருப்பிடித்து இந்தத் தூளாகிறது. பிளைவீலின் வட்டத் துளைகள் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தன. டௌல் பின் ஒரு பக்கம் தேய்ந்து பிறை மாதிரி ஆகியிருந்தது. போல்ட்டுகளின் கழுத்தில் துளையின் விளிம்பு பதிந்த தழும்பு.

பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளைவீல் போனது, டௌல் பின் போனது, போல்ட் எட்டும் போயின. கிராங்க் முகம் மட்டும், சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்கிற நிலையில் தப்பித்தது. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். போல்ட் அறுந்து பிளைவீல் கழன்றிருந்தால் என்ன ஆகும் என்று பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டேன். 27 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளைவீல் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அது இருப்பது நம் கால் பெடலுக்குச் சற்று முன்னால்.

எட்டு போல்ட்டும் பாதி அளவில் முறுக்கித்தானே இருந்தன, பாதி பலம் இருந்திருக்குமே, ஏன் பிடிக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது. அதன் பதிலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் போல்ட் என்றால் என்ன என்றே புரிந்தது.

நம்மில் பலர், இன்ஜினின் சுழற்சியை பிளைவீலுக்குக் கொண்டுபோவது போல்ட்டின் தண்டு என்று நினைக்கிறோம். ஆணி மாதிரி குறுக்கே நின்று தள்ளுகிறது என்று. அப்படியில்லை. போல்ட்டின் வேலை பிளைவீலைக் கிராங்க் முகத்தோடு நெருக்கிப் பிடிப்பது. அப்படி நெருக்கிய இரண்டு முகங்களுக்கு நடுவில் உள்ள உராய்வுதான் சுழற்சியைக் கடத்துகிறது. போல்ட்டை முறுக்கும்போது அது நீள்கிறது. மிகச் சிறிதளவுதான், ஆனால் நிஜமாகவே நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, ஸ்பிரிங் மாதிரி. அந்த இழுப்புத்தான் பிடி. தோராயமாகச் சொன்னால், 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை எண்ணெய் இல்லாமல் 60 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அதில் சுமார் 3 டன் இழுப்பு ஏறும். எட்டு போல்ட்டுக்கு 24 டன். முப்பத்தைந்து மாருதி 800 கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற எடை, உள்ளங்கை அகல இரும்பு வட்டத்தின் மேல்.

சிறிய டீசல் இன்ஜினின் முறுக்குவிசை 200 சொச்சம் நியூட்டன் மீட்டர்தானே, அதற்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். அந்த 200 ஒரு சராசரி. உள்ளே ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு அடி வாங்கி முன்னே பாய்கிறது, அடுத்த சிலிண்டர் அழுத்தும்போது பின்வாங்குகிறது. அந்த உச்சங்கள் சராசரியைப் போலப் பல மடங்கு. அதையெல்லாம் தன் எடையால் வாங்கிச் சமப்படுத்துவதற்காகத்தான் பிளைவீலே இருக்கிறது. கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேர்வது சமப்படுத்திய ஓட்டம். சமப்படுத்துவதற்கு முந்திய அத்தனை அடியும் அந்த எட்டு போல்ட் பிடித்திருக்கும் இடத்தைக் கடந்துதான் போகிறது. பிடி குறைந்தால் முகங்கள் வழுக்கத் தொடங்கும். வழுக்கத் தொடங்கினால் இன்னொன்று நடக்கும். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டியது அது: குறுக்கே ஏற்படும் சிறு வழுக்கல் போதும், மரையின் உராய்வு விட்டுப்போய், போல்ட் தானாகவே கழன்று திரும்பும். ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்தாலும் அது நிற்காது. அதனால் பிளைவீல் போல்ட்டுக்கடியில், 'ஒரு பாதுகாப்புக்கு' என்று நீங்களாக ஸ்பிரிங் வாஷர் சேர்க்காதீர்கள். பாதிப் பிடி கொடுத்தால் பாதிப் பலம் நிற்கும் என்ற என் கணக்கு எங்கே தப்பியது என்று இப்போது தெரிந்திருக்கும். ஒரு வரம்புக்குக் கீழே போய்விட்டால், இருக்கிற பிடியையும் வண்டியே அவிழ்த்துவிடுகிறது.

அப்படியானால் டார்க் ரெஞ்சில் முறுக்கு அளவை வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை முறுக்கினால் போதுமே? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரெஞ்ச் அளப்பது நாம் போடும் முறுக்கை. நமக்கு வேண்டியது போல்ட்டில் ஏறும் இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் உராய்வு என்ற ஒரு தரகர் இருக்கிறார், அவர் கமிஷன் பெரிது. நாம் போடும் 100 பைசா உழைப்பில் 50 பைசா போல்ட் தலைக்கடியில் தேய்வதில் போகிறது, 40 பைசா மரையில் தேய்வதில் போகிறது. 10 பைசாதான் போல்ட்டை இழுக்கிறது. மரையில் துருவோ, போல்ட் கழலாமலிருக்கப் பூசிய பழைய மரைப்பசையோ இருந்தால் அந்தப் பத்தும் குறையும். ரெஞ்ச் மட்டும் வழக்கம்போல 'டக்' என்று சொல்லிவிடும். மாறாக, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரையில் போட்டால் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், கூடிப்போகும்.

எனவே அளவைப் பார்ப்பதோடு, அந்த அளவு எந்த நிலைக்குச் சொன்னது என்பதையும் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். உலர்ந்ததா, எண்ணெய் தொட்டதா, மரைப்பசை போட்டதா? பல இன்ஜின்களில் இந்தப் போல்ட் துளை கிராங்க் முகத்தை ஊடுருவி உள்ளே ஆயில் இருக்கும் பக்கம் திறக்கும். அங்கே பசை கட்டாயம், இல்லையென்றால் மரை வழியாக ஆயில் கசிந்து புதுக் கிளட்ச் டிஸ்கை நனைத்துவிடும். நீங்களும் ஆயில் சீலைக் குறை சொல்லி இன்னொரு முறை எல்லாவற்றையும் இறக்குவீர்கள். கழற்றும்போது போல்ட்டின் நுனி ஆயிலோடு வருகிறதா என்று கவனித்தாலே இது தெரிந்துவிடும். துளை அடைத்ததாக இருந்தால் வேறு ஆபத்து. அடியில் தேங்கிய ஆயிலை போல்ட் அழுத்தும், ஆயில் சுருங்காது, ரெஞ்ச் சொடுக்கும், போல்ட்டின் தலையோ முகத்தில் உட்கார்ந்தே இருக்காது.

இதெல்லாம் சேர்ந்து சுத்தம் செய்யும் வேலையை, முறுக்கும் வேலையைவிடப் பெரிதாக்குகிறது. எனக்கு இப்போது அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. துளை மரையில் பழைய பசையை எடுக்க, மரை வெட்டும் டேப்பை உள்ளே விடாதீர்கள். அது இரும்பையும் சேர்த்து வெட்டும். ஒரு பழைய போல்ட்டில் நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டு கோடு போட்டு, அதை மெல்லத் திருகி உள்ளே விட்டு எடுத்தால் கசடு அந்தக் கோட்டுக்குள் சேர்ந்து வந்துவிடும். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, காயவிட வேண்டும். கிராங்க் முகத்தையும் பிளைவீலின் பின்முகத்தையும் வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை. அங்கே ஒரு மணல் அளவு துகள் சிக்கினால் பிளைவீல் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். முதல் கியரில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் உடம்பு உதறுகிற அந்த நடுக்கம் அதிலிருந்தும் வரலாம்.

இனி போல்ட். பழையதையே போடலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. புத்தகம் புதிது போடு என்றால் புதிதுதான், பேரமே கிடையாது. வோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்தின் பல இன்ஜின்களில் பிளைவீல் போல்ட்டுக்கான விதி இது: 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அதன்மேல் இன்னும் 90 டிகிரி திருப்பு, ஒவ்வொரு முறையும் புதுப் போல்ட். இந்தக் கால்வாசித் திருப்பில்தான் விஷயம் இருக்கிறது. உராய்வுத் தரகரின் கமிஷனை 60 வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொண்டு, அதற்குமேல் அவரை ஒதுக்கிவிடுகிறார்கள். கோணம் உராய்வைப் பொருட்படுத்தாது. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் மரையில் கால் சுற்று என்றால் போல்ட் கால் மில்லிமீட்டர் முன்னேறியே தீரவேண்டும். அந்தக் கால் மில்லிமீட்டரில் போல்ட், திரும்பிச் சுருங்க முடிகிற எல்லையைத் தொட்டுவிடும், பல வடிவமைப்புகளில் கொஞ்சம் தாண்டியும் போகும். ஒரு முறை அப்படி நீண்டது இரண்டாம் முறை அதே மாதிரி நீளும் என்று யாரும் உறுதி தரமுடியாது. அமெரிக்க செவ்ரலே எல்எஸ் வி8 இன்ஜின்களில் கோணமே இல்லை, 20, 50, 100 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்று. ஒரு வண்டியின் அளவு இன்னொரு வண்டிக்கு ஆகாது என்பதற்காகத்தான் இரண்டையும் சொன்னேன். உங்கள் வண்டி இரண்டும் இல்லையென்றால் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றிப்போட்ட இன்ஜினிலிருந்து எடுத்த போல்ட் மலிவாகக் கிடைக்கும். அளவும் பொருந்தும். அது எத்தனை முறை நீண்டது என்று அதன் தலையில் எழுதியிருக்காது. தலையில் எழுதியிருப்பது 8.8, 10.9, 12.9 என்கிற தரம் மட்டுமே. 10.9 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் வரை தாங்கும், அதில் தொண்ணூறு சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். அதே நீளம், அதே மரை என்று ஹார்டுவேர் கடையில் 8.8 வாங்கி வந்து மாட்டினால், 10.9-க்குச் சொன்ன முறுக்கில் அது நீண்டுபோகும். சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1966-இலிருந்து போல்ட் செய்கிறது. நம் ஊரிலேயே தலைமுறை கடந்த தொழிலாக இருக்கும் ஒரு பொருளை, நாம் இன்னும் எடைக்கு வாங்குகிற சாமானாகத்தான் பார்க்கிறோம்.

எங்கள் தெருமுனையில் ஒரு மேஸ்திரி இருந்தார். லாரி, அம்பாசடர், ஜீப் என்று நாற்பது வருஷம் பார்த்த கை. என் டார்க் ரெஞ்சைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அது என்ன, கடிகாரமா?" என்று சிரித்தார். அவரிடம் ஒரு ரெண்டடி ஜிஐ பைப் உண்டு. ரிங் ஸ்பேனரின் வாலில் அதைச் சொருகி ஒரு இழு. அவ்வளவுதான். அவர் மாட்டிய பிளைவீல் எதுவும் கழன்றதாக நான் கேள்விப்படவில்லை. அதை வைத்து உங்களில் சிலர் என்னிடம் வாதாடுவீர்கள் என்று தெரியும். யோசித்துப் பாருங்கள்: அதே ஸ்பேனர், அதே பைப், அதே நாலைந்து வகை இன்ஜின், ஆயிரம் முறை. தப்பிய சிலவற்றையும் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொண்டவர். அவருடைய பைப்பே டார்க் ரெஞ்சாகிவிட்டது. நீங்களும் நானும் வாழ்நாளில் மூன்று முறை மாட்டுவோம்.

அந்த மேஸ்திரியே பிற்காலத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோணம் வைத்து முறுக்கும் போல்ட் போட்ட புது வண்டி ஒன்று அவர் பட்டறைக்கு வந்திருந்தது. "இதென்னுங் தம்பி, முறுக்க முறுக்க வந்துட்டே இருக்குது, நிக்கவே மாட்டேங்குது. மரை போயிருச்சுன்னு நெனச்சு ரெண்டு போல்ட்டக் கழட்டிட்டேன், மரை நல்லாத்தான் இருக்குது" என்றார். மரை போகவில்லை. போல்ட் நீண்டுகொண்டிருந்தது. நீளத் தொடங்கிய போல்ட்டில் எதிர்ப்பு ஏறாது, கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். நாற்பது வருஷக் கை கற்றுவைத்திருந்த ஒரே அடையாளம், 'நின்னுடுச்சு' என்கிற அந்த உணர்வு, இந்தப் போல்ட்டில் வருவதே இல்லை. அன்றைக்கு என் கடிகாரத்தை வாங்கித்தான் வேலையை முடித்தார். எட்டும் புதுப் போல்ட், நான் சொல்லாமலே வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

ரெஞ்சைப் பற்றி நாலு வார்த்தை. எந்த அளவுகோலைப் பார்க்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். பெரும்பாலான ரெஞ்சுகளில் நியூட்டன் மீட்டர் ஒரு பக்கமும் அடி-பவுண்டு மறுபக்கமும் இருக்கும். 60 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில் 60 அடி-பவுண்டு வைத்தால் 81 ஏறும். பழைய வண்டிப் புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு இருக்கும். அதில் ஒன்று என்பது நியூட்டன் மீட்டரில் 9.8. கைப்பிடியின் நடுவைப் பிடித்து, வெட்டி இழுக்காமல் மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். 'டக்' கேட்டதும் கையை எடுங்கள். இன்னொரு 'டக்' கேட்டு மனசை ஆற்றிக்கொள்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஒவ்வொரு கூடுதல் 'டக்'கும் கொஞ்சம் கூடுதல் முறுக்கு. பசை இறுகிய பிறகு 'சரியாக இருக்கா பார்ப்போம்' என்று திரும்ப ரெஞ்சை வைத்தால் பசையின் பிடி உடைந்துவிடும். அப்புறம் கழற்றி, துடைத்து, மறுபடி முதலிலிருந்துதான். இம்பாக்ட் கன் வைத்திருப்பவர்கள் கழற்றுவதற்கு மட்டும் அதை எடுங்கள்.

முறுக்கும்போது இன்ஜினும் கூடவே சுற்றும். பிளைவீலின் பல்லில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி, அலுமினிய ஹவுசிங்கில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது நம் ஊர் வழக்கம். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் முகத்தில் குத்தும், வழுக்காவிட்டால் அலுமினியம் உடையும். பல்லில் பொருந்தும் பூட்டுத் தகடு விலைக்குக் கிடைக்கிறது. லேத் பட்டறையில் ஒரு இரும்புப் பட்டையில் பல் வெட்டித் தரச்சொன்னாலும் போதும். கோவையில் இருப்பவர்கள் லேத் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஊரே சிரிக்கும்.

ஏன் எதிரெதிர் போல்ட்டாக, சுற்றுச் சுற்றாக முறுக்க வேண்டும் என்பதை மிருதங்கம் சுருதி சேர்ப்பவரைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். இங்கே ஒரு தட்டு, எதிரே ஒரு தட்டு, திருப்பி, மறுபடி ஒரு சுற்று. ஒரு பக்கத்தை முழுதும் இழுத்துவிட்டு மறுபக்கம் போனால், முதலில் இழுத்த பக்கம் கோணிவிடும். பிளைவீலும் அப்படித்தான். கையால் எல்லாப் போல்ட்டையும் உட்காரவைத்துவிட்டுத்தான் ரெஞ்சைத் தொட வேண்டும். கையால் போகாத போல்ட் கோணலாக நுழைகிறது என்று அர்த்தம். துளைகள் சில வண்டிகளில் வேண்டுமென்றே ஒரு துளி தள்ளி வைக்கப்பட்டிருக்கும், ஒரே ஒரு நிலையில்தான் பிளைவீல் பொருந்தும். பொருந்தவில்லை என்று சுத்தியலை எடுக்காதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகள் வேறு ஜாதி. சிறியவை, பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் முடிந்துவிடும். அரைச் சுற்று, அரைச் சுற்றாக எல்லாவற்றையும் சேர்த்து இறக்குங்கள், நடுவில் டிஸ்கை நேர்ப்படுத்தும் குச்சி இருக்கட்டும். அதில் நான் இதுவரை தப்புச் செய்யவில்லை, அதனால் சொல்ல அதிகமில்லை.

கடைசியாக, கரண்ட் கட். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு வெள்ளை பெயிண்ட் பேனா. இப்போது கடைசிச் சுற்றில் ஒவ்வொரு போல்ட்டும் முடிந்த கையோடு, அதன் தலையிலிருந்து பிளைவீல் வரை ஒரு கோடு இழுக்கிறேன். கோடு இல்லாத போல்ட் முடியாத போல்ட். என் மனசு என்ன சொன்னாலும் கோடு சொல்வதைத்தான் கேட்பேன். மரைப்பசை பூசியபின் அது இறுகத் தொடங்கக் கொஞ்ச நிமிடம்தான் அவகாசம், ஆகையால் பசை தொட்டபின் சாப்பாடும் இல்லை, போனும் இல்லை. போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். எமர்ஜென்சி லைட்டை சார்ஜ் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் எழுந்தே தீரவேண்டும் என்றால், திரும்ப வந்ததும் எல்லாவற்றையும் தளர்த்தி, துடைத்து, முதல் சுற்றிலிருந்து ஆரம்பியுங்கள். அரை மணி நேரம் வீணாகும். எனக்கு வீணானது ஒரு பிளைவீலும் இரண்டு மாதமும்.

உங்களிடம் கேட்க ஒன்று உண்டு. நல்ல டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற சாமானை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. வைத்திருக்கிறவர்கள் தெருவில் கேட்கிறவர்களுக்கு இரவல் கொடுங்கள், கூடவே எந்த அளவுகோல் எந்தப் பக்கம் என்றும் காட்டிக்கொடுங்கள். இரவல் வாங்குகிறவர்கள், திருப்பித் தரும்போது கைப்பிடியை அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வைத்துத் தாருங்கள். முறுக்கியபடியே பெட்டியில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய் சொல்லத் தொடங்கும். என்னுடையது இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு தங்கையிடம் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
சிங்காநல்லூரிலிருந்து ஒரு பழைய டீசல் கார்க்காரன்